ஓப்பனிங் புக் தயாரிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

லிசெஸ் என்ற இணையச் செஸ் தளத்தில் செஸ் பாட், அதாவது தானாக ஆடும் நிரல், ஓட்டத் தொடங்குகிறவர்கள் முதலில் தேடுவது பெரிய ஓப்பனிங் புக்கைத்தான், அதாவது ஆட்டத் தொடக்க நகர்த்தல்களின் தொகுப்பைத்தான். புக்கில் நகர்த்தல் கிடைத்துக்கொண்டிருக்கும்வரை என்ஜின், அதாவது நகர்த்தலைக் கணக்கிடும் நிரல், யோசிப்பதே இல்லை என்பதை மறந்துவிடுகிறோம். மிகப் பலமான ஸ்டாக்ஃபிஷ் என்ஜினாகவே இருந்தாலும் சரி, அதுவரை ஆடுவது நீங்கள் தொகுத்த கோப்புதான்.

கண்ட ஆட்டங்களையும் கொட்டி புக் செய்வதுதான் முதல் தவறு. புக் தயாரிக்கும் நிரலான பாலிகிளாட்டின் முறையில் ஒரு நகர்த்தலுக்கு வெற்றிக்கு 2, டிராவுக்கு 1 என்று வெயிட், அதாவது அதைத் தேர்ந்தெடுப்பதற்கான மதிப்பு, சேரும். எதிரில் ஆடியவர் எப்படிப்பட்டவர் என்பது கணக்கிலேயே வராது. இ4 இ5, குதிரை எஃப்3 குதிரை சி6, பிஷப் சி4. இங்கே கறுப்பு தன் குதிரையை டி4-இல் வைக்கும் பொறி ஒன்று உண்டு. வெள்ளை ஆசைப்பட்டு இ5 சிப்பாயை வெட்டினால், கறுப்பு ராணி ஜி5-க்கு வந்து கதையை முடித்துவிடும். அவசரமாக ஆடும் பிளிட்ஸ் ஆட்டங்களில் ஆட்கள் இதில் விழுவார்கள், வெயிட்டும் ஏறும். ஆனால் எதிரே இருப்பது இன்னொரு என்ஜின் என்றால், அது டி4 குதிரையை வெட்டிவிட்டு நல்ல நிலையில் ஆட்டத்தைத் தொடரும். அதனால் பலமானவர்களின் ஆட்டங்களை மட்டும் எடுங்கள். ஒரு நகர்த்தல் புக்கில் ஏற அது எத்தனை ஆட்டங்களில் வந்திருக்க வேண்டும் என்ற குறைந்தபட்ச எண்ணிக்கையை நீங்கள் சொல்லாவிட்டால் 3 என்றே இருக்கும். பெரிய தொகுப்புக்கு அது போதவே போதாது.

அப்புறம் ஆழம். பாலிகிளாட் எண்ணுவது ப்ளை, அதாவது ஒரு பக்கத்தின் ஒரு நகர்த்தல். 20 ப்ளை என்றால் ஆளுக்கு 10 நகர்த்தல்தான். எதுவும் குறிப்பிடாமல் விட்டால் வரம்பு 1024 ப்ளை. ஆட்டத்தின் கடைசிவரை புக்கில் ஏற இடமிருக்கிறது.

பலர் கவனிக்காமல் விடுவது டிரா சுழல், அதாவது ஒரே நிலை திரும்பத் திரும்ப வந்து டிராவில் முடிவது. ருய் லோபஸ் தொடக்கத்தின் பெர்லின் வகையில் பிரபலமான கிளை ஒன்று உண்டு: 11-ஆவது நகர்த்தலில் வெள்ளை ராணி இ4-இல் செக் வைக்கும், கறுப்பு ராணி இ6-இல் தடுக்கும், வெள்ளை டி4-க்குத் திரும்பும், கறுப்பு டி6-க்குத் திரும்பும், மறுபடி இ4 செக். கிராண்ட்மாஸ்டர்கள் சமாதானமாகப் போக இதை ஆடுகிறார்கள். புக் பார்ப்பது பலகையின் நிலையை மட்டும்தான். அந்த நிலை முன்பு எத்தனை முறை வந்தது என்று அதற்குத் தெரியாது. அதனால் உங்கள் பாட், தன்னைவிடப் பல நூறு ரேட்டிங் புள்ளி குறைந்த பாட்டோடும் அரைப் புள்ளியை விட்டுக்கொடுத்துவிட்டு வரும். இந்தக் கிளையை வெட்டிவிடுங்கள்.

எப்போதும் அதிக வெயிட் உள்ள நகர்த்தலையே ஆடவிடுவதும் ஆபத்துதான். லிசெஸ்ஸில் உங்கள் பாட்டின் ஆட்டங்களை யாரும் பார்க்கலாம். ஒருமுறை உங்களை வென்ற வரிசையை அப்படியே திரும்ப ஆடினால் போதும். வெயிட்டுக்கு ஏற்ப மாற்றி மாற்றி எடுக்கும் வசதி பாட்டை லிசெஸ்ஸோடு இணைக்கும் லிசெஸ்-பாட் நிரலின் அமைப்பிலேயே இருக்கிறது.

புக் முடியும் இடத்தைக் கையால் சோதிப்பதுதான் உண்மையான வேலை. 1997-இல் உலக சாம்பியன் காஸ்பரோவ் டீப் புளூ கணினியோடு மோதிய போட்டியின் கடைசி ஆட்டத்தில், அவர் கரோ-கான் தொடக்கத்தில் எச்6 ஆடியதும், டீப் புளூ புக்கிலிருந்தே குதிரையை இ6-இல் பலி கொடுத்தது. 19 நகர்த்தல்களில் ஆட்டம் முடிந்தது. பலிக்குப் பிறகு அந்த நிலையை நடத்தத் தெரிந்த இயந்திரம் அது. உங்கள் என்ஜினும் அப்படி நடத்துமா? புக் முடியும் நிலைகளை அதனிடமே கொடுத்துச் சில நிமிடம் யோசிக்கவிடுங்கள். தன் பக்கம் மோசம் என்று அது சொல்லும் கிளைகளை நீக்கிவிடுங்கள்.