எந்தப் பயம் அன்ரி? மலர்ச் சாரங்களைத் தெரிவு செய்யும் முறையும் எடுக்கும் முறையும்

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில் நான் மலர்ச் சாரங்களை, அதாவது மனநிலைக்கு ஏற்ப எடுக்கும் பூச்சாரத் துளிகளை, பாவிக்கிறேன் என்பது பலருக்குத் தெரியும். மூன்றாம் மாடியில் இருக்கும் அன்ரி ஒருநாள் மின்தூக்கிக்குள் வைத்து, "பிள்ளை, பயத்துக்கு எந்தப் பூ நல்லது?" என்று கேட்டார். "எந்தப் பயம் அன்ரி?" என்று நான் திருப்பிக் கேட்டபோது அவர் சற்றுத் திகைத்தார். இந்த முறையில் கற்றுக்கொள்ள வேண்டியவற்றில் பெரும்பகுதி அந்த எதிர்க்கேள்விக்குள்தான் அடங்கியிருக்கிறது.

மலர் மருத்துவம் என்று நாம் அழைக்கும் இதை வகுத்தவர் எட்வர்ட் பாச் (1886–1936) என்ற ஆங்கிலேய மருத்துவர். இலண்டனில் நுண்ணுயிரியல் ஆய்விலும் ஹோமியோபதியிலும் ஈடுபட்டிருந்த அவர், நோயின் பெயரை விட நோயாளியின் மனநிலையைப் பார்த்தே மருந்து தெரிய வேண்டும் என்ற முடிவுக்கு வந்து, 1928இல் இம்பேஷன்ஸ், மிமுலஸ், கிளெமட்டிஸ் ஆகிய மூன்று பூக்களில் தொடங்கி மொத்தம் 38 சாரங்களை விட்டுச் சென்றார். பூக்களைத் தெளிந்த நீரில் மிதக்கவிட்டு மூன்று மணி நேரம் வெயிலில் வைப்பதோ, பூவும் சிறு கிளையுமாக அரை மணி நேரம் கொதிக்க வைப்பதோ அவரது தயாரிப்பு முறையாகும். அந்த நீருடன் சம அளவு பிராந்தி சேர்த்துத் தாய்க் கரைசல் செய்து, அதில் இரண்டு துளியை மறுபடி 30 மில்லிலீற்றர் பிராந்தியில் விட்டதுதான் கடையில் நாம் வாங்கும் குப்பி. ஆகவே அதில் பூவின் மணமோ சுவையோ இருக்காது. பிராந்தியின் காரம் மட்டுமே நாக்கில் தெரியும்.

ஆய்வுகள் சொல்வதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நேர்மை. சாரம் எதுவும் சேராத போலித் துளிகளோடு ஒப்பிட்டு நடத்தப்பட்ட சோதனைகளைத் திரட்டி, மாற்று மருத்துவ ஆய்வாளர் எட்சார்ட் எர்ன்ஸ்ட் 2010இல் வெளியிட்ட மீளாய்வு, மலர்ச் சாரம் போலித் துளியை விட மேலான பலன் தந்ததாகக் காணவில்லை. எனக்கு இதில் வருத்தமில்லை. உள்ளே நடப்பதற்குச் சரியான பெயரைத் தேடுவதும், ஒரு நாளில் நான்கு தடவை ஒரு நிமிடம் நின்று அதைக் கவனிப்பதும் எனக்குப் பயன்பட்டிருக்கின்றன. துளிகள் அந்த நிமிடத்துக்கு அழைக்கும் மணியாக இருந்தால் போதும்.

இனித் தெரிவு. பாச் தமது 38 சாரங்களை ஏழு தொகுதிகளாகப் பிரித்தார்; பயத்துக்கு மட்டும் ஐந்து இருக்கின்றன. பெயர் சொல்லக்கூடிய பயம், அதாவது நேர்முகப் பரீட்சை, பல் வைத்தியர், கரப்பான் பூச்சி போன்றவை, மிமுலஸுக்கு உரியது. காரணம் தெரியாமல் அந்தி சாயும் நேரத்தில் நெஞ்சைப் பிசையும் பயம் அஸ்பெனுக்கு உரியது. உடல் உறைந்துபோகும் திகிலுக்கு ராக் ரோஸ். கட்டுப்பாட்டை இழந்து ஏதாவது செய்துவிடுவேனோ என்ற பயத்துக்குச் செரி பிளம். தனக்காக அல்லாமல் அன்புக்குரியவர்களுக்காகப் பயப்படுவது ரெட் செஸ்ட்நட்டுக்கு உரியது. அன்ரியின் பயம் எதுவென்று கேட்டுக்கொண்டே போனபோது, ரொறன்ரோவில் பனிக்காலத்தில் வேலைக்குக் கார் ஓட்டிச் செல்லும் மகனிடமே அது போய் நின்றது. இரவு இரண்டு மணிக்கு எழும்பி, அவன் வட்ஸ்அப்பில் கடைசியாக எப்போது வந்தான் என்று பார்த்துவிட்டுத்தான் அவர் மறுபடி கண்ணயர்வாராம். இது ரெட் செஸ்ட்நட். பார்த்த பிறகும் அதே நினைப்பு தலைக்குள் செக்குமாடு போலச் சுற்றினால் வைட் செஸ்ட்நட்டும் சேரும்.

மற்றவற்றையும் இதே கூர்மையோடு பிரிக்க வேண்டும். உயர்தரப் பரீட்சைக்கு நன்றாகப் படித்துவிட்டும் "என்னால் ஏலாது" என்று பின்வாங்கும் பிள்ளைக்கு லார்ச். ஏலும் என்றாலும் பொறுப்புகள் ஒரே நேரத்தில் குவிந்ததால் தடுமாறுபவருக்கு எல்ம். உடலும் மனமும் உண்மையிலேயே உழைத்து ஓய்ந்தவருக்கு ஒலிவ். வேலையை நினைத்தவுடனேயே வரும் களைப்புக்கு ஹோர்ன்பீம். யாழ்ப்பாணத்தில் விட்டு வந்த வீட்டையும் முற்றத்து மாமரத்தையும் விட்டு மனம் இங்கே வர மறுக்கும் பெரியவர்களுக்கு ஹனிசக்கிள் என்று குறிப்புகள் சொல்லும். அந்த ஏக்கத்தைக் குணப்படுத்தத்தான் வேண்டுமா என்பது வேறு கேள்வி.

தெரிவு செய்வதற்கு முன் மூன்று நாட்கள் ஒரு கொப்பியில் எழுதுவது நல்லது. "மனம் சரியில்லை" என்று எழுதினால் உதவாது. எப்போது, யாரைக் கண்டபோது, உடம்பில் எங்கே என்று எழுத வேண்டும். மூன்றாம் நாள் வாசிக்கும்போது திரும்பத் திரும்ப வரும் இரண்டு மூன்று உணர்வுகள் தாமாகவே தெரியும். ஒரு கலவையில் ஆறு அல்லது ஏழு சாரங்கள் வரை சேர்க்கலாம் என்பது வழக்கம். என் கருத்தில் மூன்றுக்கு மேல் போவது இன்னும் யோசித்து முடியவில்லை என்பதன் அடையாளம்.

கலக்கும் முறை எளிது. துளிமூடியுள்ள 30 மில்லிலீற்றர் கபில நிறக் கண்ணாடிக் குப்பியைக் கொதிநீரில் கழுவிக் காய வைத்து, தெரிந்த ஒவ்வொரு சாரத்திலும் இரண்டு துளி விட்டு, கொதித்தாறிய நீரால் நிரப்ப வேண்டும். அதிலிருந்து நான்கு துளியை நாளுக்கு நான்கு தடவை, காலையில் எழுந்தவுடனும் இரவில் படுக்கப் போகும் முன்பும் உட்பட, நாக்கிலோ நீரிலோ விட்டுக்கொள்ளலாம். துளிக்குழாய் நாக்கில் படக்கூடாது; பட்டால் குப்பியிலுள்ள நீர் கெட்டுவிடும். கொழும்பின் வெக்கையில் இது சிறிய விடயமல்ல. நான் முதன்முதலில் கலந்த குப்பியைச் சமையலறை யன்னலோரம் வைத்திருந்தேன். பத்தாம் நாள் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தபோது அடியில் வெள்ளைப் பஞ்சு இழை போல ஏதோ மெல்ல அசைந்துகொண்டிருந்தது. அன்றிலிருந்து குப்பிக்குக் குளிர்சாதனப் பெட்டியின் கதவுத் தட்டுத்தான் இடம். மூன்று வாரம் ஆனதும் மிச்சமிருந்தாலும் ஊற்றிவிடுகிறேன். ஒரு நாளைக்கு மட்டும் வேண்டுமென்றால், இரண்டு துளியை ஒரு கிளாஸ் தண்ணீரில் விட்டு இடையிடையே பருகுவதே போதும்.

மதுவைத் தவிர்ப்பவர்களும், கருவுற்றிருப்பவர்களும், ஈரல் நோய் உள்ளவர்களும், மதுவோடு ஒத்துப்போகாத மாத்திரை எடுப்பவர்களும் கிளிசரினில் செய்த வகையைக் கேட்டு வாங்க வேண்டும். சிறு பிள்ளைகளுக்கும் அதுவே பொருத்தம். இனிப்பு உருண்டைகளாக வருவதில் சீனி இருப்பதை நீரிழிவுக்காரர்கள் மறக்கக்கூடாது. சிறு குப்பிகளில் வரும் வாசனை எண்ணெய்கள் முற்றிலும் வேறானவை. தோற்றம் ஒத்திருக்கிறதென்று அவற்றைக் குடித்துவிடக்கூடாது.

வீட்டுப் பூக்களைக் கொண்டு தாமே செய்து பார்க்கும் ஆசை சிலருக்கு வரும். நம் சாடிகளில் பூக்கும் காசித்தும்பை இம்பேஷன்ஸின் இனத்தைச் சேர்ந்ததே ஆயினும், பாச் எடுத்தது இமயமலைப் பக்கத்து வேறு வகை. இதில் பெரிய ஆபத்தில்லை. ஆனால் சாமிக்கு வைக்கும் அலரியும் மஞ்சள் அலரியும் இதயத் துடிப்பையே குலைக்கும் நஞ்சுகள். இலங்கையில் மஞ்சள் அலரி விதையால் போன உயிர்கள் ஏராளம். ஊமத்தையும் நஞ்சுதான். கோயில் பூ என்பதற்காக எதையும் நீரில் ஊறப்போட்டுக் குடிக்க வேண்டாம்.

வைத்தியர் தந்த மனநல மருந்தை இந்தத் துளிகளை நம்பி நிறுத்தவே கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் நித்திரையும் பசியும் கெட்டு, எதிலும் மனம் பற்றாமல் இருந்தால் அது சாரம் தேடும் கட்டம் அல்ல, வைத்தியரிடம் போகும் கட்டம். உயிரை மாய்க்கும் எண்ணம் வந்தால் ஒரு மணி நேரமும் காத்திராமல் அங்கொடை தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்தை அழைக்க வேண்டும்.

மூன்று வாரம் முடிந்து புதுக் குப்பி கலக்கும் முன் பழைய கொப்பியை எடுத்து வாசியுங்கள். அன்ரியின் இரண்டாவது குப்பியில் ரெட் செஸ்ட்நட் இல்லை. மகனைப் பற்றிய பயம் சற்று அடங்கியதும், அதற்குக் கீழே மகள் மீது பல வருடங்களாகக் கிடந்த மனத்தாங்கல் மேலே வந்துவிட்டது, அதற்கு வில்லோ.