பெங்களூருப் பூங்காக்கள்: மேம்பாடு என்ற பெயரில் நிகழும் தவறுகள்

ஒரு பூங்காவை மேம்படுத்தப் போகிறார்கள் என்ற செய்தி வந்ததும் பெங்களூரில் முதலில் எழும் பேச்சு, எந்தக் கல்லைப் பதிப்பது, எத்தனை விளக்குக் கம்பங்களை நடுவது, வாசல் வளைவு எப்படி அமைய வேண்டும் என்பதாகவே இருக்கிறது. நிலத்தின் சட்ட நிலை என்ன, எந்த நேரத்தில் யார் வருகிறார்கள், தண்ணீர் எங்கிருந்து கிடைக்கும், திறப்பு விழாவுக்குப் பிறகு பராமரிப்புக்குப் பணம் எங்கே என்ற கேள்விகள் கூட்டத்தின் கடைசி ஐந்து நிமிடங்களுக்குத் தள்ளப்படுகின்றன. பூங்காவை ஒரு கட்டுமான வேலையாகவே பார்க்கும் இந்தப் பழக்கத்திலிருந்துதான் மற்ற தவறுகளில் பெரும்பாலானவை பிறக்கின்றன. அல்சூர், காக்ஸ் டவுன், ஆஸ்டின் டவுன், ஸ்ரீராமபுரம் போன்ற பகுதிகளில் குடியிருப்போர் சங்கங்களில் பங்கேற்கும் தமிழர்கள், அடுத்த கூட்டத்துக்குச் செல்லும் முன் இவற்றை அறிந்திருப்பது பயன்தரும்.

முதல் தவறு, நிலத்தின் ஆவணத்தைப் பார்க்காமல் வரைபடத்தைப் பற்றிப் பேசத் தொடங்குவது. எல்லாப் பூங்காக்களும் ஒரே அலுவலகத்தின் கீழ் இல்லை. கப்பன் பூங்காவும் லால்பாகும் மாநிலத் தோட்டக்கலைத் துறையிடம் உள்ளன. அவற்றைக் காக்கவே 1975ஆம் ஆண்டின் அரசுப் பூங்காக்கள் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. தெருமுனைப் பூங்காக்கள் பெரும்பாலும் மாநகராட்சியைச் சேர்ந்தவை. அவற்றுக்கும் விளையாட்டுத் திடல்களுக்கும் 1985ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தனியாக இருக்கிறது. லேஅவுட்டுகள் எனப்படும் மனைப்பிரிவுகளில் 'சி.ஏ. சைட்' என்ற குடிமை வசதி நிலம் வேறு, பூங்கா நிலம் வேறு. முன்னதைப் பள்ளிக்கோ மருத்துவமனைக்கோ குத்தகைக்கு விடச் சட்டத்தில் இடம் உண்டு. பூங்காவுக்கென ஒதுக்கிய நிலத்தைப் பெங்களூர் வளர்ச்சி ஆணையம் விற்கவோ வேறு வகையில் கைமாற்றவோ முடியாது.

இந்த வேறுபாட்டின் அருமையை உணர, உச்ச நீதிமன்றம் 1991இல் தீர்ப்பளித்த பெங்களூர் மெடிக்கல் டிரஸ்ட் வழக்கை நினைவுகூர்ந்தால் போதும். ராஜ்மஹல் விலாஸ் விரிவாக்கப் பகுதியில் பூங்காவுக்கென ஒதுக்கப்பட்டிருந்த நிலம், மாநில அரசின் உத்தரவின்படி, தனியார் அறக்கட்டளை ஒன்றுக்கு மருத்துவமனை கட்டுவதற்காகக் கொடுக்கப்பட்டது. அங்கே குடியிருந்தவர்கள் நீதிமன்றத்தை நாடினார்கள். மருத்துவமனையும் மக்களுக்குத்தானே என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. திட்டத்தில் பூங்காவென்று குறிக்கப்பட்ட இடத்தை நிர்வாகம் தன் விருப்பப்படி மாற்ற முடியாது என்றும், அதை எதிர்த்து வழக்காடும் உரிமை அப்பகுதி மக்களுக்கு உண்டு என்றும் அது தெளிவாகக் கூறியது. இன்று இந்த ஆபத்து மருத்துவமனையாக வருவது அரிது. மூலையில் ஒரு நீர்த்தேக்கத் தொட்டி, அதன் பக்கத்தில் பம்பு அறை, பிறகு வார்டு அலுவலகம், பிறகு குப்பை பிரிக்கும் கொட்டகை, சிறிய கோயில் என்று துண்டு துண்டாக வருகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருக்கும். பத்தாண்டுகளில் கால்வாசி நிலம் போயிருக்கும். ஆகவே எல்லை அளந்த வரைபடத்தைக் கையில் வாங்காமல் எந்த மேம்பாட்டுத் திட்டத்துக்கும் சம்மதம் தெரிவிப்பது விவேகமன்று.

இரண்டாவது தவறு, பூங்காவுக்கு வருபவர்கள் யாவரும் விடியற்காலையில் நடைபயிற்சிக்கு வருபவர்களே என்று எண்ணிக்கொள்வது. கூட்டங்களில் பேசுபவர்கள் பெரும்பாலும் அவர்களே என்பதால் திட்டமும் அவர்கள் கால்களுக்கேற்றபடி ஒரு வட்டப் பாதையாகவே அமைந்துவிடுகிறது. பகல் நேரத்தில் பூங்காவைப் பூட்டிவைக்கும் வழக்கம் இந்நகரில் நெடுங்காலம் இருந்தது. வீட்டு வேலைக்கு வரும் பெண்கள் இரண்டு வீடுகளுக்கு நடுவே சற்று உட்கார இடம் தேடுவதும், உணவு கொண்டுசெல்லும் இளைஞர்கள் அடுத்த ஆர்டருக்காக வண்டியின் மேலேயே காத்திருப்பதும், ஒற்றை அறை வீட்டுப் பிள்ளைகள் படிப்பதற்கு நிழல் தேடுவதும் சரியாக அந்த நேரத்தில்தான். 2024இல் மாநகராட்சிப் பூங்காக்கள் காலை 5 மணி முதல் இரவு 10 மணி வரை திறந்திருக்கும் என்று அறிவிக்கப்பட்டபோது சில சங்கங்கள் தயங்கின. என் பார்வையில் அந்தத் தயக்கத்துக்குப் போதிய அடிப்படை இல்லை. ஆள் நடமாட்டம் இல்லாத பூங்காவைவிட ஆட்கள் இருக்கும் பூங்காவே பெண்களுக்கும் முதியவர்களுக்கும் பாதுகாப்பானது. உயரமான சுற்றுச்சுவருக்குப் பதில் உள்ளே தெரியும் கம்பி வேலியும், மரக்கிளைகளுக்கு மேலே எரியும் உயர்ந்த கோபுர விளக்குக்குப் பதில் கிளைகளுக்குக் கீழே தாழ்வாக அமைந்த விளக்குகளும் இதற்கு உதவும்.

கருத்துக் கேட்பதிலும் இதே பிழை நேர்கிறது. அறிவிப்பு சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் வருகிறது. சாலைக்கு அப்பால் உள்ள நெருக்கமான குடியிருப்பில், பூங்காவை அதிகமாகப் பயன்படுத்தும் பிள்ளைகளின் பெற்றோர் அந்தக் குழுவில் இருப்பதில்லை. கன்னடத்தைச் சரளமாகப் பேசினாலும் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத தமிழ் முதியவர்கள் அல்சூர்ப் பக்கத்தில் நிறையப் பேர் உண்டு. அவர்களுக்குச் சுவரொட்டியைவிட, மாலை வேளையில் பூங்காவிலேயே நின்று வரைபடத்தைக் காட்டி வாய்மொழியாக விளக்குவதே பயன்தரும். இருசக்கர வாகனங்களைத் தடுப்பதற்காக வாசலில் வைக்கும் வளைந்த கம்பித் தடுப்பு, சக்கர நாற்காலியையும் குழந்தை வண்டியையும் சேர்த்தே தடுத்துவிடுகிறது என்பது இப்படிப்பட்ட பேச்சில்தான் வெளிவரும். சாய்தளத்தில் ஒரு அடி உயரத்துக்குக் குறைந்தது 12 அடி நீளம் வேண்டும் என்ற விதியும் பல வாசல்களில் மீறப்பட்டிருக்கிறது.

மூன்றாவதாக, மண்ணை மூடுவது. மதிப்பீட்டுப் பட்டியலில் சதுர மீட்டர் கணக்கில் எளிதாக எழுதிப் பணம் பெறக்கூடிய பொருள் இன்டர்லாக் கல். மண்ணைப் பண்படுத்துவதை அப்படி எழுதுவது கடினம். அதனாலேயே ஒவ்வொரு மேம்பாட்டிலும் பாதை அகலமாகிறது, மரத்தடி மேடையாகிறது, மண் சுருங்குகிறது. ஆண்டுக்கு 950 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெறும் நகரம் இது. கோடை மழையும், ஆகஸ்டு முதல் அக்டோபர் வரையிலான மழையும் பல நாட்களில் ஓரிரு மணி நேரத்தில் கொட்டித் தீர்த்துவிடுகின்றன. அந்த நீரை உறிஞ்ச வேண்டிய நிலமே கல்லால் மூடப்பட்டால் அது தெருவுக்குத்தான் ஓடும். மரத்தின் அடிப்பகுதியைக் கான்கிரீட்டால் இறுக்கினால் வேர் மூச்சுத் திணறி, அடுத்த புயல்காற்றில் மரம் சாய்கிறது. டெல்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் ஆரத்துக்குள் இருக்கும் கான்கிரீட்டை அகற்றும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013இல் ஆணையிட்டது. அந்த அளவை இங்கும் குறைந்தபட்சமாகக் கேட்பதில் தவறில்லை.

செடிகளைத் தேர்ந்தெடுப்பதில் இரு வகைப் பிடிவாதங்கள் உள்ளன. ஒன்று, கொரியன் புல்தரையும் வெட்டிச் சீராக்கிய வேலிச்செடியும் இருந்தால்தான் பூங்கா என்பது. 2024 மார்ச்சில் தண்ணீர்த் தட்டுப்பாடு முற்றியபோது, தோட்டத்துக்குக் குடிநீரைப் பயன்படுத்தினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. அப்போது முதலில் காய்ந்தவை இத்தகைய புல்தரைகள்தாம். சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீரோ சேமித்த மழைநீரோ உறுதியாகக் கிடைக்காத இடத்தில் புல்தரை போடுவது கடன் வாங்கி விருந்து வைப்பதற்கு ஒப்பானது. மற்றொரு பிடிவாதம், வெளிநாட்டு மரம் எதுவும் கூடாது என்பது. கப்பன் பூங்காவின் தூங்குமூஞ்சி மரங்களும், ஆண்டின் தொடக்கத்தில் சாலையோரங்களை இளஞ்சிவப்பாக்கும் தபேபுயாவும் அமெரிக்க வெப்பமண்டலத்தைச் சேர்ந்தவை. 1908இல் லால்பாகின் பொறுப்புக்கு வந்த ஜெர்மானியரான கிரும்பீகல், ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு மரம் பூத்திருக்கும்படி நகரத்தில் மரங்களைத் தேர்ந்து நட்டார் என்று போற்றப்படுபவர். நிற்கும் மரத்தைப் பிறப்பிடம் பார்த்து வெட்ட வேண்டியதில்லை. புதிதாக நடும்போது மட்டும் புங்கை, நாவல், மகிழம், மந்தாரை, நீர்மருது ஆகியவற்றுக்கு முதலிடம் தரலாம். மூன்று கோடைகளுக்கு யார் தண்ணீர் ஊற்றுவார் என்பதையும் எழுத்தில் பெறலாம்.

ஏரிக்கரைப் பூங்காக்களின் சிக்கல் வேறு. நடைபாதையும் கைப்பிடிச் சுவரும் முதலில் வந்துவிடுகின்றன. ராஜகால்வாய் எனப்படும் பெரிய மழைநீர் வடிகால் வழியே வரும் சாக்கடை அப்படியே இருக்கிறது. அல்சூர் ஏரியில் 2016 மார்ச்சில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தபோது கரையில் நடைபாதைக்குக் குறைவில்லை. கரையைச் செங்குத்தான கற்சுவராக்கினால், ஆழமற்ற சேற்று விளிம்பில் இரை தேடும் பறவைகளுக்கும் அங்கே வளரும் கோரைக்கும் இடமில்லாமல் போகிறது. கழிவுநீரை நிறுத்தும் வேலை முடிந்ததற்கான சான்று வரும்வரை கரை அழகுபடுத்தலுக்கு நிதி கேட்காமல் இருப்பதே சரியான வரிசை.

நகர அளவில் பார்த்தால், ஏற்கெனவே நன்றாக இருக்கும் பூங்காவையே மீண்டும் மீண்டும் மேம்படுத்துவது பெருந்தவறு. ஜெயநகர் போன்ற திட்டமிட்ட பகுதிகளில் பூங்காக்கள் அடுத்தடுத்து உள்ளன. 2007இல் 7 நகரசபைகளும் 1 பட்டணசபையும் 110 கிராமங்களும் மாநகராட்சியில் சேர்க்கப்பட்டன. அந்த வெளிவட்டப் பகுதிகளில் முறையான லேஅவுட் இன்றி வீடுகள் பெருகியதால் பூங்காவுக்கென விட்ட நிலமே குறைவு. ஒரு நபருக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் திறந்தவெளி வேண்டும் என்று மத்திய அரசின் 2014ஆம் ஆண்டு நகரத் திட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. அந்த இலக்கை நோக்கி நகர, புதிய நிலத்தைத் தேடுவதற்கும் பணம் வைக்க வேண்டும்.

கடைசியாக, பராமரிப்பை ஒரு தனி வேலையாகக் கருதாமை. 2024 செப்டம்பரில் மல்லேஸ்வரத்தில் விளையாட்டு மைதானம் ஒன்றின் இரும்புக் கதவு விழுந்து சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். ஊஞ்சலின் சங்கிலி, சறுக்கின் ஓரம், கதவின் கீல், விளக்குக் கம்பத்தின் மின்கம்பி ஆகியவற்றை மாதந்தோறும் ஒருவர் பார்த்துக் கையொப்பமிடும் பதிவேடு இல்லாத இடத்தில் புதிய உபகரணம் வாங்குவது புதிய ஆபத்தை வாங்குவதே. கழிப்பறையைக் கட்டிவிட்டுத் துப்புரவுப் பணியாளரை நியமிக்காமல் பூட்டி வைப்பதும் இதே இனம். ஒப்பந்தம் தயாராகும் கட்டத்திலேயே கட்டுமானத் தொகையிலிருந்து பிரித்து, குறைந்தது மூன்றாண்டுகளுக்கான பராமரிப்புத் தொகையையும் தோட்டக்காரர், காவலாளி ஆகியோரின் எண்ணிக்கையையும் எழுதச் சொல்ல வேண்டும். பணி ஆணை வெளிவந்த பிறகு கேட்டால் நிதி இல்லை என்ற பதில்தான் வரும். 2025 செப்டம்பரில் மாநகராட்சி ஐந்தாகப் பிரிக்கப்பட்டதால் கோப்புகள் இடம் மாறியிருக்கலாம். எனவே எல்லை வரைபடம், பணி ஆணை, அளவுப் பட்டியல், பராமரிப்பு ஒப்பந்தம் ஆகிய நான்கின் நகல்களையும், தேவைப்பட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்து, வேலை தொடங்கும் முன்பே சங்கம் பெற்று வைத்துக்கொள்வது நல்லது.