எரிச்சல் வரும் நேரத்தில் ஜெபிப்பது எப்படி

பெரிய துன்பம் வந்தால் விசுவாசிகள் யாரும் சொல்லாமலே முழங்காலில் நிற்பார்கள். வரிசை நகராதபோதும், சொன்னதையே நான்காம் முறை சொல்ல வேண்டியிருக்கும்போதும், கொடுத்த மனு திரும்பி வரும்போதும்தான் ஜெபம் நினைவுக்கே வருவதில்லை. "இதற்கெல்லாமா கடவுளைத் தொந்தரவு செய்வது?" என்ற கூச்சம் பலருக்கு உண்டு.

அந்தக் கூச்சம் உள்ளவர்கள் யோனா புத்தகத்தின் 4ஆம் அதிகாரத்தை ஒருமுறை வாசிக்கலாம். நிழல் தந்த ஆமணக்குச்செடி காய்ந்துபோகிறது. அதற்காகச் செத்துப்போகலாம் என்கிற அளவுக்கு எரிச்சலடைகிறார் தீர்க்கதரிசி. கடவுள் அதை அற்பக் காரியம் என்று ஒதுக்குவதில்லை. "நீ ஆமணக்கினிமித்தம் எரிச்சலாயிருக்கிறது நல்லதோ" என்று கேட்டு, உட்காரவைத்துப் பேசுகிறார். ஒரு செடிக்காக வந்த கோபம் பேசத் தகுந்த விஷயம் என்றால், உங்கள் மனுவும் தகுந்த விஷயம்தான்.

கீழே சொல்லும் வசனங்கள் பழைய மொழிபெயர்ப்பில் உள்ளவை. பொது மொழிபெயர்ப்பு வாசிப்பவர்களுக்குச் சொற்கள் மாறும், முறை மாறாது.

அந்த நிமிடத்தில்

எரிச்சல் தலைக்கேறிய பிறகு எந்த வசனம் பொருந்தும் என்று தேட முடியாது. ஆகவே ஒரே ஒரு வரியை முன்கூட்டியே தேர்ந்துகொள்ளுங்கள். ஒரு மூச்சில் சொல்லி முடிக்கும் அளவுக்குச் சிறியதாக, கடவுளை நேரே விளித்துக் கேட்பதாக அது இருக்கட்டும். சங்கீதம் 70இன் முதல் வசனம் இதற்கென்றே செய்தது போலிருக்கும்: "தேவனே, என்னை விடுவியும், கர்த்தாவே, எனக்குச் சகாயஞ்செய்யத் தீவிரியும்." எந்த நிலைமைக்கும் பொருந்தும் ஜெபம் என்று 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே துறவி ஜான் காசியன் பரிந்துரைத்தது இந்த வரியைத்தான். கிழக்கத்திய சபைகளில் "ஆண்டவராகிய இயேசு கிறிஸ்துவே, பாவியாகிய என்மேல் இரக்கமாயிரும்" என்பதை இதே போல மூச்சோடு சேர்த்துச் சொல்வார்கள். இரண்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு ஒரு மாதமாவது மாற்றாமல் வைத்திருங்கள். வாரம் ஒரு வரி என்று மாற்றினால் எதுவுமே வேண்டிய நேரத்தில் நாவில் நிற்காது.

சொல்ல வேண்டிய இடம், எதிராளி பேசி முடித்ததற்கும் நீங்கள் வாய் திறப்பதற்கும் நடுவில். நெகேமியா 2:4 அப்படித்தான் நடக்கிறது. "நீ கேட்கிற காரியம் என்ன" என்று ராஜா கேட்கிறார். நெகேமியா பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபம்பண்ணி, உடனே பதில் சொல்கிறார். கண்ணை மூடவில்லை, யாருக்கும் தெரியவும் இல்லை. ஆனால் அந்த ஒரு நொடி ஜெபத்துக்குப் பின்னால் யூத நாட்காட்டியின் கிஸ்லேயு மாதம் தொடங்கி நிசான் மாதம் வரை ஏறக்குறைய 4 மாத ஜெபம் இருந்தது. தினமும் கொஞ்ச நேரம் தனித்திருக்காதவருக்கு அவசரத்தில் இந்த வரி வெறும் சொல்லாகத்தான் வரும். காலையில் 10 நிமிடம் போதும், ஆனால் அது விட்டுப்போகக் கூடாது.

இந்த வரி கோபத்தை மறையச் செய்யும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். யாக்கோபு 1:19 கேட்கிறதற்குத் தீவிரம், பேசுகிறதற்குப் பொறுமை, கோபிக்கிறதற்குத் தாமதம் என்கிறது. தாமதம்தான், கோபமே வரக்கூடாது என்று இல்லை. உள்ளே கொதித்துக்கொண்டிருந்தாலும் நாக்கு 10 விநாடி பொறுத்ததென்றால் இந்த வரி தன் வேலையைச் செய்துவிட்டது.

இன்னொன்று: சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா என்று பாருங்கள். 1 இராஜாக்கள் 19இல் "போதும் கர்த்தாவே" என்று சூரைச்செடியின் கீழ் சாகக் கேட்ட எலியாவுக்கு முதலில் உபதேசம் கிடைக்கவில்லை. தூக்கம், தணலில் சுட்ட அடை, தண்ணீர், மறுபடி தூக்கம், மறுபடி சாப்பாடு. கடவுளின் கேள்வி அதற்கெல்லாம் பிறகுதான் வருகிறது. பசியில் இருப்பவர் தன் விசுவாசத்தின் அளவைச் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

மாலையில் ஆறு வரி

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள். சங்கீதங்கள் 150. அவற்றில் பெரும் பங்கு முறையீடுகள். சங்கீதம் 13 அவற்றில் சிறியவற்றுள் ஒன்று, மொத்தம் 6 வசனம். முதல் இரண்டு வசனத்தில் முறையீடு, அடுத்த இரண்டில் வேண்டுதல், கடைசி இரண்டில் நம்பிக்கை. "எதுவரைக்கும்" என்ற சொல் முறையீட்டில் மட்டும் 4 முறை வருகிறது. சொன்னதையே சொல்வது அங்கே குற்றமாக எண்ணப்படவில்லை.

ஒரு தாளில் அதே அளவில் ஆறு வரி எழுதுங்கள். 15 நிமிடத்துக்கு மேல் ஆகாது. கைபேசியில் எழுத வேண்டாம். எழுதிக்கொண்டிருக்கும்போதே அதை யாருக்காவது அனுப்பத் தோன்றும்.

முறையீட்டு வரிகளில் நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்: "ஆண்டவரே, அந்த மனு மூன்றாம் முறையாகத் திரும்பி வந்திருக்கிறது. யாரும் என்னை ஒரு பொருட்டாக மதிக்கவில்லை, நீரும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறீர் என்று தோன்றுகிறது." இரண்டாம் வாக்கியத்தை எழுதப் பலர் பயப்படுவார்கள். சங்கீதக்காரன் "என்னை மறந்திருப்பீர்" என்றே எழுதினான், அது வேதத்தில் நிற்கிறது. பணிவான சொற்களால் இதை மூடிவிட்டால் அடுத்த நான்கு வரிகளும் பொய்யாகிவிடும்.

வேண்டுதல் வரிகளில் குறிப்பிட்டுக் கேளுங்கள். பார்வையற்ற பர்திமேயுவுக்கு என்ன தேவை என்பது கூட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் இயேசு அவனிடம் என்ன வேண்டும் என்று கேட்டுச் சொல்லவைத்தார் (மாற்கு 10:51). "எனக்குப் பொறுமை தாரும்" என்று பொதுவாகக் கேட்டால், அது கிடைத்ததா இல்லையா என்பது உங்களுக்கே தெரியாது. "நாளைப் பத்து மணிக்கு அந்த அதிகாரியிடம் குரலை உயர்த்தாமல் எந்தத் தாள் குறைகிறது என்று கேட்க உதவும். பதில் கிடைக்காவிட்டால் அடுத்து யாரிடம் போவது என்று காட்டும்" என்றால் மறுநாள் மாலையே தெரிந்துவிடும்.

நம்பிக்கை வரிகளில் உங்கள் வாழ்வில் நடந்த ஒரு காரியம் வேண்டும்: எந்த இக்கட்டில், எப்படி உதவி வந்தது என்று. "நீர் நல்லவர்" என்று மட்டும் எழுதினால் அது மனப்பாடமாகப் போய்விடும். கடைசி வரி இப்படியும் இருக்கலாம்: "இன்னும் சமாதானம் வரவில்லை, ஆனாலும் காரியத்தை உம்மிடம் விடுகிறேன்." அதுவும் விசுவாசம்தான். சங்கீதம் 88 இருளிலேயே முடிகிறது. நம்பிக்கை வரி வராத நாளில் அதை வாசித்துவிட்டு, எழுதிய நான்கு வரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எழுதியதை ஒருமுறை திரும்பப் பாருங்கள். "அவர்", "அவள்", "அவர்கள்" என்று எத்தனை வாக்கியம், "நான்", "நீர்" என்று எத்தனை வாக்கியம்? முதல் வகை மிகுந்தால் நீங்கள் ஜெபிக்கவில்லை. எதிராளியோடு போட வேண்டிய சண்டையைக் கடவுளுக்கு முன்னால் ஒத்திகை பார்த்திருக்கிறீர்கள். எரிச்சல் தணியாமல் இன்னும் ஏறுவது இதனால்தான். அந்த வாக்கியங்களை அடித்துவிட்டு "நான்" என்று தொடங்கித் திரும்ப எழுதுங்கள்.

பிலிப்பியர் 4:6 விண்ணப்பங்களை ஸ்தோத்திரத்தோடு தெரியப்படுத்தச் சொல்கிறது. ஆகவே தாளின் அடியில் அன்றைக்குக் கிடைத்த ஒரு நன்மையையும் குறித்துவையுங்கள். இதை எழுதிய பவுல் அப்போது விலங்கோடு காவலில் இருந்தார். அடுத்த வசனம் வாக்களிப்பது இருதயத்தைக் காக்கும் சமாதானம். நிலைமை மாறும் என்று அங்கே சொல்லவில்லை.

என்ன செய்வது என்று தெரியாதபோது

எரிச்சலின் அடியில் பெரும்பாலும் ஒரு முடிவு காத்திருக்கும். பேசுவதா விடுவதா, வேலையை மாற்றுவதா, இன்னும் பொறுப்பதா என்று. ஞானத்தில் குறைவுள்ளவன் தேவனிடத்தில் கேட்கக்கடவன், அவர் ஒருவரையும் கடிந்துகொள்ளாதவர் என்கிறது யாக்கோபு 1:5. கேட்ட பிறகு பதிலை எங்கே தேடுவது என்பதில்தான் தடுமாற்றம்.

முதலில், கட்டளை ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள். பொய்க்கணக்கு எழுதலாமா, பழி சொல்லலாமா என்பதற்கெல்லாம் நடத்துதல் கேட்க வேண்டியதில்லை. கட்டளை இல்லாத இடத்தில் இரண்டு வழியையும் எழுதி, ஒவ்வொன்றாலும் யாருக்கு என்ன ஆகும் என்று குறியுங்கள். பிறகு இரண்டு பேரிடம் கேளுங்கள். ஒருவர் உங்களை நன்றாகத் தெரிந்தவர், இன்னொருவர் அந்தக் காரியத்தைத் தெரிந்தவர். அநேக ஆலோசனைக்காரர் உண்டானால் சுகம் உண்டாகும் என்பது நீதிமொழிகள் 11:14. போதகரோ பங்குத்தந்தையோ முதல் வகையில் வரலாம். வேலை ஒப்பந்தம் பற்றிய கேள்விக்கு இரண்டாம் வகை ஆளும் கட்டாயம் வேண்டும். கோபத்தில் எழுதிய கடிதம் எதுவானாலும் ஒரு இரவு கடக்கட்டும்.

கண்ணை மூடி வேதத்தைத் திறந்து, விரல் பட்ட வசனத்தைப் பதிலாக எடுத்துக்கொள்வதை விட்டுவிடுங்கள். விரும்பிய வசனம் வரும்வரை மறுபடி மறுபடி திறக்கிறோம் என்பதே அதன் சிக்கல். கிதியோன் ஆட்டுத்தோலைக் களத்தில் போட்டு, பனியில் அது மட்டும் நனைய வேண்டும் என்று கடவுளிடம் அடையாளம் கேட்டதை ஆதாரமாகச் சொல்வார்கள். ஆனால் நியாயாதிபதிகள் 6இல் அவன் "நீர் சொன்னபடி" என்றுதான் பேச்சைத் தொடங்குகிறான். என்ன செய்ய வேண்டும் என்பது அவனுக்கு முன்பே தெரியும், தைரியம்தான் இல்லை.

அடைபட்ட வாசல் எல்லாமே "வேண்டாம்" என்ற பதிலும் அல்ல. அப்போஸ்தலர் 16இல் பவுலின் கூட்டத்துக்கு ஆசியா என்ற ரோம மாகாணம் தடுக்கப்பட்டது, பித்தினியாவும் தடுக்கப்பட்டது. அவர்கள் நடப்பதை நிறுத்தாமல் துரோவா வரை வந்தார்கள். அங்கே, மக்கெதோனியாவுக்கு வரும்படி அழைக்கும் தரிசனத்தைப் பார்த்தவர் பவுல் ஒருவர். "நாங்கள் நிச்சயித்துக்கொண்டு" என்று பன்மையில் எழுதுகிறார் லூக்கா. தனியே கிடைத்த உணர்வு, கூட இருந்தவர்களோடு சேர்ந்து முடிவானது. நெகேமியா 4:9ஐயும் இதோடு வையுங்கள்: ஜெபம்பண்ணினார்கள், காவலும் வைத்தார்கள். மனுவுக்காக ஜெபிக்கிறவர் அதன் நகலையும் எடுத்து வைக்கட்டும்.

இடம் மாறிய வசனங்கள்

எரேமியா 29:11, "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே", பாபிலோனில் சிறையிருந்தவர்களுக்குப் போன கடிதத்தில் இருக்கிறது. அதற்கு முந்தின வசனத்தில் 70 வருஷம் என்ற கணக்கு உண்டு, 5ஆம் வசனத்தில் வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள் என்ற புத்திமதி உண்டு. நாளைக்கே தீர்வு என்று இதை வாசித்தவர் வாரக் கடைசியில் சோர்ந்துபோவார். நீண்ட காத்திருப்பில் இருப்பவருக்கோ இதைவிடப் பொருத்தமான அதிகாரம் கிடைப்பது அரிது.

கிறிஸ்துவினாலே எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு என்னும் பிலிப்பியர் 4:13 வெற்றிக்கான வசனம் என்று பரவியிருக்கிறது. முந்தின இரண்டு வசனங்கள் பேசுவது குறைவிலும் நிறைவிலும் மனரம்மியமாக இருப்பதைப் பற்றி. தேவனிடத்தில் அன்புகூருகிறவர்களுக்குச் சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கும் என்னும் ரோமர் 8:28ஐ உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்ளலாம். அழுதுகொண்டிருப்பவரிடம் சொல்ல வேண்டாம்.

இந்த முறை பொருந்தாத இடம்

அடி, மிரட்டல், பணத்தைப் பறித்தல் இவையெல்லாம் அன்றாட எரிச்சல் அல்ல. அங்கே பொறுமை வசனங்களை எடுக்காதீர்கள். பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள், நம்பகமான ஒருவரிடமும் சட்ட உதவி தருபவர்களிடமும் சொல்லுங்கள். மனச்சோர்வு 2 வாரத்துக்கு மேல் அநேகமாக எல்லா நாளும் இருந்தால், தூக்கமும் பசியும் கெட்டிருந்தால் மருத்துவரைப் பாருங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் நாள் கணக்குப் பார்க்க வேண்டாம், அன்றே ஒருவரிடம் சொல்லி மருத்துவரிடம் போங்கள். மருந்து சாப்பிட்டுக்கொண்டே ஆறு வரி எழுதலாம், ஒன்றுக்கொன்று தடையில்லை.

எழுதிய தாள்களை ஒரு உறையில் தேதி போட்டு வையுங்கள். மாதம் ஒருமுறை வேண்டுதல் வரிகளை மட்டும் வாசித்து, நடந்தது, நடக்கவில்லை, வேறு விதமாக நடந்தது என்று ஓரத்தில் குறியுங்கள். நடக்காதவற்றை மறைக்காதீர்கள், தன் உடம்பில் இருந்த முள் நீங்கும்படி பவுல் 3 முறை கேட்டும் அது நீங்கவில்லை, கிடைத்தது "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில் (2 கொரிந்தியர் 12). ஒரே எரிச்சல் மாதத்தில் ஐந்தாறு முறை வந்திருந்தால் அங்கே ஜெபத்தோடு ஒரு நேரடிப் பேச்சோ ஒரு மாற்றமோ பாக்கி இருக்கிறது. ஒரு நாள் எழுத விட்டுப்போனால் மறுநாள் அதையும் சேர்த்துப் பன்னிரண்டு வரி எழுத உட்கார வேண்டாம். அன்றைய ஆறு வரியை மட்டும் எழுதுங்கள்.