கினோவா தின்ற எலிக்கு உண்மையிலேயே கொழுப்பு குறைந்ததா? அளக்கும் முறை

கினோவா, ராஜ்கிரா (கீரை விதை), பக்வீட் ஆகிய போலித் தானியங்களை, அதாவது புல் இனம் அல்லாத, ஆனால் தானியம்போலவே உண்ணப்படும் விதைகளை, எலிக்குக் கொடுத்து உடல் கொழுப்பைப் பார்க்கும் சோதனைகள் பெரும்பாலும் கெடுவது தீவனம் கலக்கும் இடத்தில்தான். வழக்கமான தீவனத்தின் மேலேயே மாவைக் கொட்டினால் புரதம், நார், எண்ணெய் எல்லாம் சேர்ந்து மாறிவிடும். பிறகு கொழுப்பு குறைந்தது தானியத்தாலா, கூடுதல் நாராலா என்று யாராலும் சொல்ல முடியாது.

வளரும் எலிகளுக்கான ஏஐஎன்-93ஜி என்ற நிலையான ஆய்வகத் தீவனக் கலவையை அடிப்படையாக வையுங்கள். கிலோவுக்கு 300 கிராம் கினோவா மாவு சேர்ப்பதாகக் கொள்வோம். அதில் சுமார் 42 கிராம் புரதம், 18 கிராம் கொழுப்பு, 21 கிராம் நார் இருக்கும். அந்த அளவை மற்றப் பொருட்களில் கழிக்க வேண்டும்: பால் புரதமான கேசீன் 200-லிருந்து 151 கிராம் (கேசீனில் புரதம் 86 சதவீத அளவுதான், அதனால் 42-க்குப் பதில் 49 குறைகிறது), சோயா எண்ணெய் 70-லிருந்து 52, செல்லுலோஸ் 50-லிருந்து 29, மக்காச்சோள ஸ்டார்ச் 397.5-லிருந்து 185.5. டெக்ஸ்ட்ரின் 132, சர்க்கரை 100, தாதுக் கலவை 35, வைட்டமின் கலவை 10, சிஸ்டீன் 3, கோலின் 2.5 அப்படியே இருக்கட்டும். கூட்டினால் சரியாக 1000 வரும். வாங்கிய மூட்டைக்கு மூட்டை சத்து மாறும்; உங்கள் மாவைச் சோதித்து இந்த எண்களைத் திருத்திக்கொள்ளுங்கள்.

கினோவாவின் தோலில் உள்ள சாபோனின் என்ற நுரைக்கும் பொருள் கசக்கும். கழுவாமல் கொடுத்தால் எலி குறைவாகத் தின்னும், மெலியும். அதைத் தானியத்தின் நன்மை என்று எழுதிவிடுவார்கள். குளிர்ந்த நீரில் தேய்த்துத் தேய்த்து, நுரை நிற்கும்வரை கழுவுங்கள். அரை கிராம் விதையை 5 மில்லி நீரில் போட்டு 30 நொடி குலுக்கினால், நுரை நிலைத்து நிற்கக் கூடாது. உடனே தட்டில் மெல்லப் பரப்பி 50 முதல் 60 டிகிரியில் உலர்த்துங்கள். ஈரத்தோடு விட்டால் ஒரே நாளில் முளைவிட்டுவிடும். ராஜ்கிராவைப் பச்சையாகக் கொடுத்தால் எலியின் வளர்ச்சியே குன்றும். பொரியாகப் பொரித்தோ வேகவைத்தோ அரையுங்கள். முழுத் தானிய மாவில் எண்ணெய் சீக்கிரம் கெட்டுச் சிக்கு வாடை அடிக்கும் என்பதால் சிறு சிறு அளவாகக் கலந்து குளிரில் வையுங்கள்.

நெறிமுறைக் குழுவின் ஒப்புதலுக்குப் பிறகு, பால்மறந்த 21 நாள் ஆண் விஸ்டர் (ஆய்வக வகை) எலிகளை, குழுவுக்கு 8 முதல் 10 என, 8 வாரம் வளர்க்கலாம். மீதித் தீவனத்தோடு கூண்டடியில் சிந்தியதையும் சலித்து எடைபோடாவிட்டால் உட்கொண்ட கணக்கு பொய்தான். ஒரு கூண்டில் இரண்டு எலி இருந்தால், தீவனக் கணக்கில் அந்தக் கூண்டு ஒரே ஒரு அளவீடுதான், இரண்டல்ல. கினோவா குழு குறைவாகத் தின்றால், அதே அளவு மட்டும் தின்னும் இணைக் கட்டுப்பாட்டுக் குழு ஒன்றும் தேவை.

உடல் எடையை மட்டும் நம்பாதீர்கள். 20-ஹைட்ராக்ஸிஎக்டைசோன் என்ற தாவரச் சேர்மம் செறிந்த கினோவா சாற்றை அதிகக் கொழுப்புத் தீவனத்தோடு தின்ற சுண்டெலிகளில், எடை மாறாமலேயே கொழுப்புத் திசு குறைந்தது. அது சாறு, முழுத் தானியம் அல்ல என்பதையும் மறக்க வேண்டாம். ஜப்பானில் 1990-களில் எலிகளின் கொழுப்புத் திசுவைக் குறைத்ததும் பக்வீட் மாவு அல்ல, அதிலிருந்து பிரித்த புரதம்தான். நார் குடலில் புளிப்பதால் பெருங்குடலின் தொடக்கப் பை வீங்கி உடல் எடையைக் கூட்டவும் செய்யும்.

சோதனை முடிவில், உடலில் தனித்தனியாகத் திரண்டிருக்கும் கொழுப்புப் பட்டைகளை ஒரே ஆள், எந்தக் குழு என்று தெரியாமல், பிரித்தெடுத்து உடனே நிறுக்க வேண்டும்; காய்ந்தால் எடை இறங்கும். விந்தகத்தை ஒட்டிய பட்டை எளிது. குடல்தாங்கிக் கொழுப்புதான் தொல்லை: கணையம் ஒட்டிக்கொண்டு வரும், வெளிர் இளஞ்சிவப்பாக இருப்பதை விலக்குங்கள்.

முழு உடல் பகுப்பாய்வு செய்வதென்றால் குடலைக் காலிசெய்து, ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவிக் கலத்தில்) வேகவைத்து, அரைத்து, உலர்த்துங்கள். கொழுப்பைப் பிரிக்க, சாக்ஸ்லெட் என்ற கண்ணாடிக் கருவியில் பெட்ரோலியம் ஈதர் கரைப்பான். புரதத்துக்கு நைட்ரஜன் பெருக்கல் 6.25, சாம்பலுக்கு 550 டிகிரி. நீர், கொழுப்பு, புரதம், சாம்பல் நான்கும் சேர்ந்து 100 சதவீதத்தை ஒட்டி வர வேண்டும். நன்றாகக் குறைந்தால், அரைத்தது சீராக இல்லை. முடியும் தோலும் கட்டியாக நின்றிருக்கும். திரும்ப அரைத்து மாதிரி எடுங்கள்.