என்5 தேர்வுக்கு எந்தப் புத்தகம் வாங்கலாம்?

ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் தொடக்க நிலையான என்5 எழுதப் போகிறவர்கள் கடைக்குப் போனதும் அஞ்சாறு புத்தகத்தை அள்ளிவிட வேண்டாம். பாடநூல் ஒன்று போதும். வகுப்பில் படிப்பவர்களுக்கு ‘மின்னா நோ நிஹோங்கோ’ முதல் பாகம், 25 பாடங்கள். ஆனால் அதன் முதன்மைப் புத்தகம் முழுக்க ஜப்பானியத்திலேயே இருக்கும். இலக்கண விளக்கமும் சொற்பொருளும் தனிப் புத்தகம். இரண்டையும் சேர்த்தே வாங்குங்கள். தனியாகப் படிக்கிறவர்களுக்கு ‘கெங்கி’ முதல் பாகம் வசதி, விளக்கம் ஆங்கிலத்தில் அதற்குள்ளேயே வந்துவிடும்.

ஜப்பானியச் சொற்கள் ரோமன் எழுத்திலேயே ஓடும் புத்தகத்தை அப்படியே திரும்ப வைத்துவிடுங்கள். தேர்வில் ஹிரகானா, கத்தகானா என்ற ஜப்பானிய ஒலியெழுத்துகளும், ‘கஞ்சி’ எனப்படும் சீன வழி எழுத்துகள் கொஞ்சமும்தான் வரும்.

ஒலிப்பதிவு இல்லாத புத்தகமும் வேண்டாம். மொத்தம் 180க்கு 80 எடுத்தால் தேர்ச்சி என்றாலும், கேட்டல் பகுதியில் தனியாக 60க்கு 19 வாங்கியாக வேண்டும். மற்றதில் நூறைத் தாண்டினாலும் இதில் 18 என்றால் ஃபெயில்தான்!

அப்புறம், மாதிரி வினாத்தாளுக்குக் காசு செலவழிக்கும் முன் ஜேஎல்பிடியின் அதிகாரப்பூர்வ இணையதளத்தைப் பாருங்கள். பயிற்சி வினாத்தொகுப்பு ஒலிப்பதிவோடு இலவசமாகவே கிடைக்கிறது.