ஹாம்ஸ்டர் கூண்டு: ஓட்டை எங்கே இருக்கிறது?

கடையில் பார்க்கும்போது, எலி போன்ற வளர்ப்புப் பிராணியான ஹாம்ஸ்டர் பெரும்பாலும் மூலையில் சுருண்டு தூங்கிக்கொண்டிருக்கும். இது எங்கே ஓடப்போகிறது என்றுதான் தோன்றும். வீட்டுக்கு வந்து, நாம் விளக்கை அணைத்துப் படுத்த பிறகுதான் அதற்குப் பொழுது விடிகிறது. விடிய விடிய வேறு வேலையும் கிடையாது. ஒவ்வொரு கம்பியையும் முகர்ந்து, தள்ளி, கடித்துப் பார்க்கும். இன்றைக்கு அசையாத கதவை நாளைக்கும் போய் அசைத்துப் பார்க்கும். அதனால் கூண்டை வெளியே நின்று ஆட்டிப் பார்த்து ‘நல்லா ஸ்ட்ராங்கா இருக்கு’ என்று வாங்குவதில் பெரிய பயனில்லை.

கம்பி இடைவெளியைக் கண்ணளவில் விட்டுவிடுவதுதான் எல்லாரும் செய்யும் தவறு. ஹாம்ஸ்டர் பார்க்கக் கொழுகொழுவென்று இருந்தாலும் அதில் நிறைய முடியும் தளர்ந்த தோலும்தான். தலை நுழைகிற இடத்தில் உடம்பும் நுழைந்துவிடும். வளர்ப்பு ஹாம்ஸ்டர்களில் பெரியதான சிரியன் வகைக்கு, வளர்ந்த பிறகு, அரை அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருக்கக்கூடாது. ரோபரோவ்ஸ்கி, காம்ப்பெல், வின்டர் வொயிட் போன்ற குட்டை வகைகளுக்குக் கால் அங்குலம், அதாவது சுமார் 6 மில்லிமீட்டர். அளக்க ஸ்கேல் இல்லையென்றால் சாதாரண பென்சிலைக் கம்பிகளுக்கு நடுவே விட்டுப் பாருங்கள். அது சுமார் 7 மில்லிமீட்டர் தடிமன். பென்சில் தாராளமாகப் போய் வந்தால் அந்தக் கூண்டு குட்டை வகைக்கு ஆகாது. நம் ஊரில் லவ் பேர்ட்ஸுக்கு விற்கிற கூண்டையே ஹாம்ஸ்டருக்கும் தள்ளிவிடுகிற கடைகள் உண்டு. பெரும்பாலும் அவை இந்தச் சோதனையில் தோற்றுவிடும். இன்னொன்று: நாம் வாங்குவது குட்டி. வளர்ந்ததற்குச் சரியான இடைவெளி, சிரியன் குட்டிக்குத் திறந்த வாசல். முதல் சில வாரங்களுக்காவது குட்டை வகைக்கான இடைவெளியே வேண்டும்.

அந்தப் பறவைக் கூண்டுகளில் வேறு ஒரு சிக்கலும் உண்டு. கதவு மேலே தூக்கித் திறக்கிற மாதிரி இருக்கும். பறவைக்கு அது போதும். ஹாம்ஸ்டரோ மூக்கைக் கீழே கொடுத்து நெம்பித் தூக்கிவிடும். தூக்கினால் திறக்கிற கதவு எல்லாவற்றுக்கும் தனியாக ஒரு கொக்கியோ கட்டுக்கம்பியோ போடுங்கள். தீனிக் கிண்ணத்துக்கென்று இருக்கிற சின்னக் கதவுகளை மறந்துவிடாதீர்கள், நாம் திறக்காத கதவைத்தான் அது திறக்கும்.

கண்ணாடித் தொட்டியில் கம்பித் தொல்லை இல்லை. அதனாலேயே மூடி போடாமல் விட்டுவிடுகிறார்கள். வழவழப்பான கண்ணாடியில் ஏற முடியாதுதான், ஆனால் ஏணியை நாமே உள்ளே வைத்துக் கொடுக்கிறோம். ஓடுகிற சக்கரம், தண்ணீர் பாட்டில், மரக் குடில் எல்லாம் சுவரை ஒட்டியே இருக்கும். பாட்டிலுக்கும் கண்ணாடிக்கும் நடுவே முதுகையும் காலையும் முட்டுக்கொடுத்து அது மேலே போய்விடும். படுக்கையின் கணக்கையும் பாருங்கள். வளை தோண்ட எட்டு அங்குலமாவது காகிதத் துகளோ மரச்சீவலோ போடுவது நல்லது. பழைய மீன் தொட்டி ஓர் அடி உயரம் என்றால் மிச்சம் நாலே அங்குலம். ஐந்தாறு அங்குல நீளமுள்ள சிரியன் பின்னங்காலில் நின்றாலே விளிம்பு எட்டிவிடும்.

சரி, மூடி போடலாம் என்றால் அடுத்த தவறு அங்கே காத்திருக்கிறது: பலகையையோ தடித்த கண்ணாடியையோ வைத்து முழுசாக அடைத்துவிடுவது. ஹாம்ஸ்டர் வெப்பம் தாங்காது. 30 டிகிரி தாண்டினாலே அதற்குச் சிரமம். நம் சித்திரை வெயிலில் காற்றோட்டமில்லாத தொட்டி உயிருக்கே ஆபத்து. மரச் சட்டத்தில் கால் அங்குலக் கம்பி வலை அடித்து, இரண்டு பக்கமும் கொக்கி போட்ட மூடிதான் சரி. ஜன்னலுக்கு அடித்து மிச்சமான நைலான் கொசுவலை வேண்டவே வேண்டாம். ஒரு ராத்திரி தாங்காது.

பெரிய பிளாஸ்டிக் பெட்டியை வெட்டிக் கூண்டாக்குவது மலிவான, நல்ல வழி. அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, வெட்டுகிற விதத்தில்தான் வம்பு வருகிறது. வழவழப்பான பிளாஸ்டிக் சுவரில் பல் பதியாது. கடிக்க அதற்கு ஒரு விளிம்பு வேண்டும். துளை போட்ட இடத்தில் நிற்கும் பிசிறு, ஜன்னல் வெட்டிய ஓரம், இதெல்லாம் அந்த விளிம்பு. அதனால் ஓரங்களை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வலையை உள்பக்கத்தில் ஓரம் மறையும்படி வைத்து, நட்டு போல்ட்டும் அகல வாஷரும் போட்டு முடுக்குங்கள். க்ளூ கன் பசையும் கேபிள் டையும் அழகாகப் பிடித்துக்கொண்டிருக்கும், அவற்றையும் கடிக்கத் தொடங்கும் வரை.

மரத்தைப் பற்றி ஒரு பழைய கதை உண்டு. 1930இல் இஸ்ரேல் அஹரோனி என்ற விலங்கியலாளர் சிரியாவின் அலெப்போ பக்கத்தில் ஒரு தாயையும் குட்டிகளையும் வளையிலிருந்து எடுத்து, குட்டிகளை ஜெருசலேமுக்குக் கொண்டுபோனார். அங்கே பல்கலைக்கழகத்தில் மரத் தரை போட்ட கூண்டில் விட, சில குட்டிகள் தரையைக் கரம்பி ஓடிவிட்டன. மிஞ்சிய சிலவற்றின் வழி வந்தவைதான் இன்று வீடுகளில் இருக்கிற சிரியன்களில் பெரும்பாலானவை. பல் வளர்ந்துகொண்டே இருக்கிற பிராணி, கரம்பாமல் இருக்காது. மரக் கூண்டு என்றால் உள் மூலைகளிலும் சேருமிடங்களிலும் தகடு அடித்துவிடுங்கள்.

இத்தனையும் செய்த பிறகும் ராத்திரி முழுக்கக் ‘கடக் கடக்’ என்று கம்பி கடிக்கிற சத்தம் வந்தால் இன்னொரு கொக்கி வாங்க ஓடாதீர்கள். பெரும்பாலும் இடம் போதவில்லை. சுவிட்சர்லாந்தில் நான்கு அளவுக் கூண்டுகளில் சிரியன்களை வைத்துப் பார்த்து 2007இல் வெளியான ஆய்வில், சின்னக் கூண்டில் இருந்தவை பெரிய கூண்டில் இருந்தவற்றைவிட அதிகமாகக் கம்பி கடித்தன. ஜெர்மனியின் விலங்கு நலக் கால்நடை மருத்துவர்கள் அமைப்பு 100 செ.மீ. நீளம், 50 செ.மீ. அகலம், 50 செ.மீ. உயரம் என்று சொல்கிறது. கடைகளில் கிடைக்கிற வண்ண வண்ணக் கூண்டுகள் இதில் பாதிகூட வராது. பிளாஸ்டிக் குழாய்களை மாட்டிப் பெரிதாக்கலாம் என்பார்கள். ஒவ்வொரு இணைப்பும் கழன்றுகொள்ள ஓர் இடம், அவ்வளவுதான் லாபம்.

கூண்டை பால்கனியில் வைப்பதும் தவறு. வெயில் ஒரு பக்கம். பூனை, காக்கை, ஊர் எலி எல்லாம் வெளியிலிருந்து வருகிறவை. உள்ளே இருப்பது வெளியே போகாமல் பார்த்தால் மட்டும் போதாது.

மீறி ஓடிவிட்டால் முதலில் வீட்டில் எங்கேயாவது எலிக் கேக், எலிப்பொறி, ஒட்டு அட்டை வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். தேடுவதெல்லாம் அப்புறம். பூனை, நாய் இருந்தால் ஓர் அறையில் அடையுங்கள். குளியலறை வடிகாலை மூடுங்கள். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், பீரோ எதையும் இழுக்காதீர்கள், அடியில் இருந்தால் நசுங்கிவிடும். கதவுகளைச் சாத்தி, ஒவ்வொரு அறையிலும் எண்ணி நாலு சூரியகாந்தி விதை வைத்து, சுற்றிக் கொஞ்சம் மாவைத் தூவிவிட்டுப் படுங்கள். காலையில் விதை குறைந்த அறையும், மாவில் கால் தடம் போன திசையும் தெரியும். அடுத்த ராத்திரி அந்த அறையில் ஒரு வாளி வைத்து, அடியில் கனமாகப் படுக்கையும் தீனியும் போட்டு, வெளியே புத்தகங்களைப் படிபோல் அடுக்குங்கள். ஏறி வந்து உள்ளே விழுந்தால் மேலே வர முடியாது.

கிடைத்ததும் பழைய கூண்டில் அப்படியே விட்டுவிடாதீர்கள். போன வழி அதற்கு நன்றாக நினைவிருக்கும். கம்பியில் ஒட்டிய முடி, புதிதாகக் கரம்பிய தூள், சாய்ந்து நிற்கும் கதவு எதையாவது கண்டுபிடித்துச் சரிசெய்கிற வரை, அந்த வாளியின் மேலேயே கம்பி வலையைக் கட்டி உள்ளேயே இருக்கட்டும்.