காவிரியில் மீனுக்கும் பயிருக்கும் தண்ணீர்: கணக்குப் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காவிரியில் மீனைப் பற்றிப் பேச்செடுத்தாலே “முதல்ல கடைமடைக்குத் தண்ணி வருதான்னு பாருங்க” என்பார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் மீனுக்கு விட்டால் பயிருக்குக் குறைந்துவிடும் என்று நேராகக் கழித்துப் பார்ப்பதில்தான் முதல் தவறே தொடங்குகிறது. மீனுக்கு எவ்வளவு தண்ணீர் என்பதைவிட எப்போது வருகிறது, எவ்வளவு வேகமாக ஏறி இறங்குகிறது என்பதுதான் பெரிய விஷயம்.

நாட்காட்டியையே பாருங்கள். மேட்டூர் அணையைத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. நம் கெண்டை வகைகள் பலவும் முட்டையிடக் காத்திருப்பது, தென்மேற்குப் பருவமழையோடு வரும் புதுவெள்ளத்துக்காக. ஆக, நல்ல மழை பெய்யும் ஆண்டில் ஆடியில் இரண்டு பேருக்கும் பெரிய சண்டை இல்லை. சண்டை வருவது, ஜனவரி 28 வாக்கில் பாசனத்துக்கு அணையை மூடிய பிறகு, பிப்ரவரி முதல் மே வரை.

அந்த நான்கு மாதங்களுக்குக் காகிதத்தில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. 2007 காவிரி நடுவர் மன்றத் தீர்ப்பு சுற்றுச்சூழலுக்கென்று 10 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி) ஒதுக்கியது. 2018இல் உச்ச நீதிமன்றம் தமிழகத்தின் பங்கைக் குறைத்தபோதும் அதில் கை வைக்கவில்லை. கர்நாடகம் ஆண்டுதோறும் எல்லையிலுள்ள பிலிகுண்டுலு அளவு நிலையத்தில் தர வேண்டிய 177.25 டிஎம்சியில் பிப்ரவரி முதல் மே வரை மாதத்துக்கு 2.5 டிஎம்சி வர வேண்டும். ஒரு நாள் முழுக்க நொடிக்கு 11,574 கன அடி ஓடினால் ஒரு டிஎம்சி, அப்படியென்றால் 2.5 டிஎம்சியை மாதம் முழுக்கப் பரப்பினால் நொடிக்கு ஏறக்குறைய 960 கன அடி. இதையே ஒரே வாரத்தில் தள்ளிவிட்டு மீதி மூன்று வாரம் ஆற்றைக் காயப்போட்டாலும் மாதக் கணக்கு நேராகத்தான் இருக்கும், மீன்தான் இருக்காது. மாத மொத்தத்தை மட்டும் பார்ப்பது இரண்டாவது தவறு.

கோடையில் மேட்டூரிலிருந்து குடிநீருக்கு விடும் தண்ணீரைத் தனிக்கணக்காக நினைப்பதும் அப்படித்தான். அது ஆற்றோடு ஓடித்தான் ஈரோடு, கரூர், திருச்சிப் பக்கத்து உறிஞ்சு கிணறுகளுக்குப் போகிறது, போகிற வழியில் மீனையும் காப்பாற்றுகிறது. ஆனால் அந்தத் தண்ணீர் தங்க மடு, கசம் போன்ற ஆழமான பள்ளங்கள் வேண்டுமே! மணலை அள்ளி அடித்தளத்தைச் சமமாக்கிவிட்ட இடத்தில் அதே தண்ணீர் பரவிச் சூடாகிப் போகும்.

சரி, பலரும் கவனிக்காத ஒன்று, மதகை மூடும் வேகம். மேட்டூரின் 16 கண் மதகு வழியாகப் போகும் உபரி நீரைச் சட்டென்று நிறுத்தினால் வெள்ளத்தோடு இறங்கிய மீன் பாறைக்குழிகளில் மாட்டிக்கொள்கிறது, குட்டை வற்ற வற்ற மூச்சுமுட்டிச் சாகிறது. படிப்படியாகக் குறைத்தால் மீனும் தண்ணீரோடு இறங்கிவிடும், பாசனத்துக்கு இதனால் பெரிய இழப்பும் இல்லை. என்னைக் கேட்டால் முதலில் தொட வேண்டியது இதைத்தான்.

தடுப்பணையில் மீன்படி, அதாவது மீன் அணையைத் தாண்டி ஏறுவதற்கான படிகள், கட்டினால் போதும் என்பதும் பழைய நம்பிக்கை. கடலிலிருந்து கொள்ளிடத்தில் ஏறி வந்த உல்லம் (ஹில்சா) மீனுக்காக, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கீழணையில் அப்படி ஒன்றைக் கட்டிப் பார்த்தார்கள், பலன் இல்லை. துள்ளி ஏறும் சால்மனுக்குப் பொருந்தும் அமைப்பை, துள்ளாத உல்லத்திடம் கொடுத்தால் என்ன ஆகும்? எந்த மீன், எந்த மாதம், எப்படி ஏறும் என்று தெரிந்துகொண்டு அப்புறம்தான் கான்கிரீட். கட்லா, ரோகு குஞ்சுகளை நீர்த்தேக்கத்தில் விட்டு ஈடுகட்டலாம் என்பதும் இதே ரகம். அது அணை மீனவருக்கு வருமானம் தரும், நல்லதுதான், ஆனால் கங்கைப் பக்கத்திலிருந்து வந்த அந்த மீன்கள் காவிரியைத் தவிர வேறெங்கும் இல்லாத திமில் மகாசீர் என்ற பெரிய கெண்டை மீனுக்கு மாற்றாகாது.

கடலுக்குப் போகும் தண்ணீரெல்லாம் வீண் என்ற பேச்சும் வருடா வருடம் வரும். கொள்ளிட முகத்துவாரத்தில் நன்னீர் குறைந்தால் உப்பு உள்ளே ஏறும், இறால் குஞ்சு வளரும் இடம் கெடும், பழையாறு பக்கத்து மீனவருக்கு வலையில் தெரியும். அதற்காக வெள்ளம் முழுதும் ஓடட்டும் என்று யாரும் கேட்கவில்லை.

இன்னொன்று, வயலில் மிச்சம் பிடித்த தண்ணீர் தானாக ஆற்றுக்குப் போய்விடும் என்று நம்புவது. காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது வயலைக் கொஞ்சம் காயவிட்டு மறுபடி பாய்ச்சி, நெல்லுக்குக் கட்டினால் நிச்சயம் மிச்சமாகும், ஆனால் அது பெரும்பாலும் இன்னும் கொஞ்சம் பரப்பில் பயிர் வைக்கத்தான் போகும். மிச்சத்தில் எவ்வளவு ஆற்றுக்கு, எந்த மாதத்தில் என்று முன்கூட்டியே எழுதி வைக்காவிட்டால் பேச்சோடு சரி. அப்படி எழுத வேண்டிய காவிரி நீர் மேலாண்மை ஆணையத்தில் நீர்வளத்துக்கும் வேளாண்மைக்கும் உறுப்பினர்கள் உண்டு, மீன்வளத்துக்கென்று தனி இருக்கை இல்லை. வறட்சி ஆண்டில் முதலில் வெட்டுப்படுவது யாருடைய தண்ணீராக இருக்கும் என்பதை அதிலேயே ஊகிக்கலாம்.